கடைத் தேங்காயும் வழிப் பிள்ளையாரும்

பழவங்காடி கணபதி கோயில் வாசலில் நின்று யாரிடமும் தொடர்ச்சியாகப் பேச முடியாது. ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் உள்ளே ஒரு தேங்காய் உடையும். அடுத்த வாக்கியத்துக்கு இரண்டு உடையும். கிழக்கேகோட்டை பஸ்களின் ஹாரன், ஆட்டோக்காரர்களின் கூப்பாடு எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இங்கே முக்கிய வழிபாடே தேங்காய் உடைப்பதுதான். பத்மநாபபுரத்தில் நாயர் படையினர் வணங்கி வந்த இந்தப் பிள்ளையார், திருவிதாங்கூரின் தலைநகரம் மாறியபோது படையோடு சேர்ந்து திருவனந்தபுரம் வந்தார் என்பது கோயில் வரலாறு. இன்றும் கோயிலைப் பராமரிப்பது இந்தியத் தரைப்படையின் மதராஸ் ரெஜிமெண்ட்தான். பத்மநாபபுரமோ 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டுக் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. ஆக, இவரும் நம்மைப் போல அங்கிருந்து இங்கே குடிவந்தவர் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அந்த வாசலில் வைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதித் தருகிறேன் என்று ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்தேன். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய அப்பா சாலைக் கடைத்தெருவில் வியாபாரம் செய்கிறார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என் நெடுநாள் சிநேகிதர்.

விஷயம் இதுதான். பொங்கல் விழாவில் குழந்தைகளுக்கான பேச்சுப் போட்டிக்கு என்னை நடுவராக உட்கார வைத்தார்கள். தலைப்பு, 'பழமொழிகளின் உண்மைப் பொருள்'. பதினோரு குழந்தைகள் பேசினார்கள். பள்ளியில் மலையாளமும் இந்தியும் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் நம்மிடம் தமிழ் எழுத்துக் கூட்டும் பிள்ளைகள் அவ்வளவு திருத்தமாகப் பேசியதைக் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் என்ன பேசினார்கள்? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பது தவறாம். கழு என்ற கோரைப்புல்லில் பாய் தைத்தால் கற்பூர வாசனை வரும், அதனால் 'கழு தைக்கத் தெரியுமாம்' என்பதே சரியாம். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் அல்ல, ஆயிரம் வேரைக் கொண்டவனாம். மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பதில் குதிரையே கிடையாதாம். குதிர் என்றால் ஆற்று நடுவே இருக்கும் மணல் திட்டாம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பது சஷ்டி விரதத்தைப் பற்றியதாம். காலையில் கைப்பேசியைத் திறந்தால் வணக்கத்தோடு வந்து விழுகிற அதே விளக்கங்கள்தாம்.

என் சிநேகிதரின் பெண் கடைசியாக வந்தாள். 'கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தானாம்' என்ற பழமொழியை எடுத்துக்கொண்டாள். கடை என்றால் கடைசி. தன் கையில் மிஞ்சியிருந்த கடைசித் தேங்காயையும் வீட்டுக்குக் கொண்டுபோகாமல், வழியில் கண்ட பிள்ளையாருக்கு உடைத்துவிட்டான் ஓர் ஏழை பக்தன். தியாகத்தின் சிகரம் அவன். நாம்தாம் அவனைத் திருடன் ஆக்கிவிட்டோம்! கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அன்று பேசியவர்களில் உச்சரிப்பும் தைரியமும் அவளுக்குத்தான் அதிகம். நான் இரண்டாம் பரிசு கொடுத்தேன்.

அப்பாவுக்கு மனவருத்தம். மறுவாரம் கோயில் வாசலில் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, அந்த விளக்கம் எதுலயும் கிடையாது. நானே ராத்திரி உக்காந்து யோசிச்சது" என்றார், பெருமையாக. அதுதானே எனக்குச் சங்கடம்! பக்கத்தில் நின்ற பெண், "தாத்தா, அது ஏன் தப்புன்னு எழுதித் தாங்க" என்றாள். அவளுக்குக் கொடுத்த வாக்கு இது.

பழமொழியைத் தொல்காப்பியர் முதுமொழி என்கிறார். நுட்பம், சுருக்கம், ஒளி, எளிமை இவையெல்லாம் அதற்கு வேண்டும் என்று சொல்லிவிட்டு, எடுத்துக்கொண்ட ஒரு விஷயத்தை நிலைநாட்டக் காரணமாக வருவது அது என்றும் சொல்கிறார். இந்தக் கடைசிப் பகுதியை நாம் கவனிப்பதில்லை. பழமொழி தனியே உட்கார்ந்து உபதேசம் செய்வதில்லை. யாரோ, யாரிடமோ, ஏதோ ஒரு சண்டையில், ஒரு பேரத்தில், ஒரு ஏமாற்றத்தில் அதைச் சொல்கிறார்கள். சந்தர்ப்பத்தை எடுத்துவிட்டால் எந்தப் பழமொழியையும் எப்படியும் பிரிக்கலாம், எதையும் கொண்டு ஒட்டலாம்.

இப்போது கழுதையைப் பார்ப்போம். நாம் கேரளத்தில் இருப்பதால் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. பக்கத்து வீட்டு மலையாளியிடம் கேட்டுப் பாருங்கள், 'குங்குமம் சுமக்கும் கழுதை' என்று அவர்களும் சொல்வார்கள். நம்மிடமே 'கழுதை அறியுமா கந்தப்பொடி வாசனை' என்று இன்னொரு வடிவம் உண்டு. இவற்றுக்கெல்லாம் மூத்தது சுசுருத சம்ஹிதை. மருத்துவ நூல் அது. பாடத்தை நெட்டுருப் போட்டுவிட்டுப் பொருள் தெரியாமல் திரியும் மாணவனை, சந்தனக்கட்டை சுமக்கும் கழுதைக்கு ஒப்பிடுகிறது. அதற்குப் பாரம் தெரியும், சந்தனம் தெரியாது. ஆகச் சுமை ஊருக்கு ஊர் மாறியிருக்கிறது. சந்தனம், குங்குமம், கந்தப்பொடி, கற்பூரம். சுமக்கிற கழுதை மட்டும் மாறவேயில்லை. 'கழு தைக்க' என்று பிரிப்பவர்கள் மலையாளக் கழுதையை எந்தப் புல்லாக மாற்றுவார்கள்? சந்தனம் சுமந்த வடமொழிக் கழுதையில் எந்தப் பாயைத் தைப்பார்கள்?

வைத்தியர் விஷயமும் இப்படித்தான். நூறு பேரைக் கொன்றால் வைத்தியன், ஆயிரம் பேரைக் கொன்றால் சிகிச்சகன் என்று வடமொழியில் ஒரு பழமொழி உண்டு. ஆங்கிலப் பழமொழித் தொகுப்புகளிலும், தமிழ்ப் பழமொழி என்ற குறிப்போடு, ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்றுதான் மொழிபெயர்த்திருக்கிறார்கள். பழவங்காடியிலிருந்து எம்.ஜி. ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் 1889இல் தொடங்கிய ஆயுர்வேதக் கல்லூரி வரும். அங்கே உள்ள ஒரு பேராசிரியர் கூட இந்தப் பழமொழிக்காக நம்மிடம் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றே நினைக்கிறேன். தொழில் தெரிந்தவனுக்குத் தொழிலின் ஆபத்தும் தெரியும். பிறகு யாருக்காக நாம் கொன்றவனைக் கொண்டவன் ஆக்குகிறோம்? நோயாளி வீட்டார் வயிற்றெரிச்சலோடு சொன்ன வார்த்தை அது. பணமும் போய், ஆளும் போய், வாசலில் நிற்பவன் கையில் வேறென்ன இருக்கிறது? ஒரு வசவு இருக்கிறது. அந்த வசவையும் பிடுங்கி, வேர்களின் எண்ணிக்கை பற்றிய பொது அறிவுக் குறிப்பாக மாற்றிக் கொடுத்துவிட்டோம்.

சட்டியையும் சஷ்டியையும் மேடையில் ஒருவர் சிலேடையாகச் சொன்னால் நானும் ரசிப்பேன். சமையல்கட்டில் நின்ற நம் அம்மாமார்களுக்குச் சட்டி என்றால் சட்டிதான். அவ்வளவு போதும்.

'பெண்புத்தி பின்புத்தி' பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பின்னால் வரப்போவதை முன்கூட்டியே அறிகிற புத்தி பெண்ணுக்கு உண்டு என்பதே இதன் பொருள் என்று ஒரு பையன் பேசினான். அவன் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு என் அக்கா ஞாபகம் வந்தது.

எங்கள் ஊரில் எட்டாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம். அதற்கு மேல் படிக்க ஆற்றைத் தாண்டிப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும். அக்கா வகுப்பில் முதல். வாத்தியாரே வீட்டுக்கு வந்து கேட்டார். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பெரியப்பா வாத்தியாரை மரியாதையாக உட்காரச் சொல்லி, மோர் கொடுக்கச் சொல்லி, இந்தப் பழமொழியைச் சொன்னார். வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. வாத்தியார் மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். மூன்று வகுப்புக் கீழே இருந்த நான் அந்த ஆற்றைத் தாண்டிப் படித்து, பிறகு வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்து, ஓய்வு பெற்று, இதோ மலரில் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போட்டி முடிந்த அன்று ராத்திரி அக்காவுக்குப் போன் செய்து இந்தப் புது விளக்கத்தைச் சொன்னேன். எழுபத்தெட்டு வயது. காது கொஞ்சம் மந்தம். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பம் அன்னைக்கு எங்கிட்ட இந்த அர்த்தத்த ஏம்ல ஒருத்தரும் சொல்லல?" என்று கேட்டாள்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. விளக்கம் சொன்ன பையனிடமும் இருக்காது, பாவம். அந்த விளக்கம் கெட்ட எண்ணத்தோடு சொல்லப்பட்டதல்ல. நம் முன்னோர் பெண்ணை இழித்துப் பேசியிருக்க மாட்டார்கள் என்ற ஆசையில் பிறந்தது. ஆனால் அதை ஒப்புக்கொண்டால் பெரியப்பா குற்றமற்றவர் ஆகிறார். அக்காதான் பழமொழியைத் தப்பாகப் புரிந்துகொண்டவள் ஆகிறாள். படிப்பை நிறுத்தியது பெரியப்பா, பொருள் தெரியாதவள் என்ற பட்டம் அக்காவுக்கா?

'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்' என்பதில் வரும் அடி இறைவன் திருவடி என்று விளக்குவதும் இதே கதைதான். பிரம்பை ஓங்கிக்கொண்டு அதைச் சொன்ன வாத்தியாரிடம் படித்தவன் நான். திருவடி எதுவும் அப்போது தட்டுப்படவில்லை. பள்ளியில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் எழுதவேண்டி வந்தது. அப்படியொரு பிரிவு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இந்தப் பழமொழியைவிட நல்ல சாட்சி ஏது?

பழமொழி சிதையவே சிதையாது என்று நான் வாதாடவில்லை. முன்றுறை அரையனாரின் பழமொழி நானூற்றில் வருகிற எத்தனையோ பழமொழிகள் உரையாசிரியர் துணையில்லாமல் இன்று நமக்கு விளங்குவதில்லை. சொல் தேயும், மாறும், ஒன்று இன்னொன்றாக ஒலிக்கும். ஆனால் சிதைந்துவிட்டது என்று சொல்கிறவர் சிதையாத வடிவத்தைக் காட்ட வேண்டாமா? பெர்சிவல் பாதிரியார் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளை 1874இல் சென்னையில் அச்சிட்டார். ஆறுமுக நாவலர் பைபிள் மொழிபெயர்ப்பில் உதவியது இவருக்குத்தான். 1894இல் லாசரஸ், 1897இல் ஜென்சன் தொகுத்தார்கள். நம் காலத்தில் கி.வா. ஜகந்நாதன் இருபதாயிரத்துக்கு மேல் திரட்டி நான்கு பெரிய தொகுதிகளாகத் தந்தார். இவ்வளவு இருக்கும்போது ஒன்றையும் புரட்டிப் பாராமல், காதுக்கு இனிமையாகப் பிரித்துவிட்டு 'உண்மைப் பொருள்' என்று பெயர் வைப்பது ஆராய்ச்சியில் சேராது. அந்தத் தொகுதிகளில் இந்த மலரில் அச்சிடக் கூசும் சாதி வசவுகளும் நிறைய உண்டு. அவற்றை நாம் வாயால் சொல்ல வேண்டாம். ஆனால் புத்தகத்திலிருந்து கிழிக்கவும் வேண்டாம், கழுவித் துடைத்துக் குழந்தை கையில் கொடுக்கவும் வேண்டாம். திட்டு வாங்கினவர்களுக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இனி நம் தேங்காய்.

கடையில் இருக்கும் தேங்காய் கடைக்காரனுடையது. எடுத்தவன் காசு கொடுக்கவில்லை. வழியில் இருக்கும் பிள்ளையாருக்கு உடைத்துப் புண்ணியம் தேடிக்கொள்கிறான். பார்க்கிறவர்களுக்கு ஓங்கிய கை தெரிகிறது, சத்தம் கேட்கிறது, சில்லும் கிடைக்கிறது. யாரும் கடையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பிள்ளையாரிடம் குற்றமில்லை, சில்லைப் பொறுக்கித் தின்ற பிள்ளைகளிடமும் குற்றமில்லை. உடைப்பது தப்பு என்றும் பழமொழி சொல்லவில்லை. யாருடைய தேங்காய்க்கு யார் பெயர் வாங்குவது என்ற ஒரே ஒரு கேள்வியைத்தான் அது கேட்கிறது.

அந்தக் கேள்வி நம் பொதுவாழ்வில் எங்கெல்லாம் பொருந்துகிறது என்று பாருங்கள். நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி 1993 டிசம்பரில் வந்தது. முதலில் ஆளுக்கு 5 லட்சம், அடுத்த ஆண்டே 1 கோடி, 1998இலிருந்து 2 கோடி, 2011இலிருந்து வருஷத்துக்கு 5 கோடி. வேலைகள் நல்ல வேலைகள்தாம். வெயிலுக்கு ஒதுங்க நிழற்குடை வேண்டும், பள்ளிக்கு வகுப்பறை வேண்டும். ஆனால் அந்த நிழற்குடையின் நெற்றியில் இருப்பது யார் பெயர்? தமிழ்நாட்டில் 2006க்குப் பிறகு இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தது. 2011க்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, மடிக்கணினி வந்தன. இலவசம் கூடாது என்று கோபப்படுகிறவர்கள் கட்சியில் நான் சேர மாட்டேன். ஆட்டுக்கல்லில் கை தேய்ந்த ஒருத்திக்குக் கிரைண்டர் கிடைத்ததில் எனக்கு என்ன நஷ்டம்? அதன் மேல் ஒட்டியிருந்த படம்தான் கடைத் தேங்காய். கேரளமும் சளைத்ததல்ல. 2020இல் தொற்றுக்காலத்தில் வீட்டுக்கு வீடு கொடுத்த உணவுப் பொருள் பையில், அரிசி யாருடையது, பை யாருடையது என்று 2021 தேர்தல் முடியும்வரை நடந்த வாக்குவாதத்தை நாம் எல்லாரும் கேட்டோம். இரண்டு பக்கமும் தேங்காயை உடைத்தவர் யார் என்றே வாதாடினார்கள். கடை எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

உச்ச நீதிமன்றமும் இதில் தலையிட்டது. அரசு விளம்பரங்களில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி படங்கள் தவிர வேறு படம் கூடாது என்று 2015 மே மாதம் சொன்னது. மாநிலங்கள் முறையிட, ஆளுநர், முதலமைச்சர், அமைச்சர்கள் படங்களும் இருக்கலாம் என்று 2016 மார்ச்சில் தளர்த்தியது. அதைவிட வேடிக்கை நம் கேரளத்தில் நடந்தது. ஒருவர் தனியார் மருத்துவமனையில் தன் கைக்காசைக் கொடுத்துத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். சான்றிதழில் பிரதமர் படம் எதற்கு என்று உயர் நீதிமன்றம் போனார். 2021 டிசம்பரில் மனு தள்ளுபடி, ஒரு லட்சம் ரூபாய் அபராதம். பிறகு டிவிஷன் பெஞ்ச் அபராதத்தை 25,000 ஆகக் குறைத்தது. சட்டப்படி தீர்ப்பு சரியாகவே இருக்கலாம், எனக்கு அதில் வாதமில்லை. ஆனால் இந்த வழக்கில் தேங்காய்க்குக் காசு கொடுத்தவர் கேள்வி கேட்டார், அவரிடமே மறுபடியும் காசு கேட்டார்கள் என்பதைப் பழமொழி தெரிந்தவன் கவனிக்காமல் இருக்க முடியாது.

நம்மையும் விட்டுவைக்க வேண்டாம். இந்த மலருக்கு விளம்பரம் தந்த சாலைக் கடைக்காரர்களின் பெயர்கள் கடைசிப் பக்கங்களில் சின்ன எழுத்தில் இருக்கும். கட்டுரை எழுதிய என் போன்றவர்களுக்கு மேடையில் பொன்னாடை. அதை மறுக்கும் தைரியம் எனக்கும் வந்ததில்லை.

இந்தப் பழமொழியைத்தான் என் சிநேகிதர் ஒரே ராத்திரியில், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், தியாகக் கதையாக மாற்றினார். அவரே ஒரு கடைக்காரர் என்பதை நினைத்துப் பாருங்கள். தேங்காய் பறிகொடுத்தவன் சொன்ன வார்த்தையை எடுத்து, பறித்தவனுக்கு மாலையாகப் போட்டுவிட்டார். அந்த மேடையில் அதற்கு முதல் பரிசு கொடுத்திருந்தால், அடுத்த ஆண்டு அது பத்துக் குழந்தைகள் வாயில் வந்திருக்கும். அதற்கடுத்த ஆண்டு 'உண்மைப் பொருள்' ஆகியிருக்கும். அப்புறம் நிழற்குடையின் கீழ் நின்றுகொண்டு ஒருவர் அந்தப் பழமொழியைச் சொன்னால், "ஆமாம், எவ்வளவு பெரிய தியாகி" என்று பக்கத்தில் நிற்பவர் தலையாட்டுவார்.

எழுதி முடித்ததும் இருவரையும் வீட்டுக்கு வரச் சொல்லி இவ்வளவையும் வாசித்துக் காட்டினேன். சிநேகிதர் பொறுமையாகக் கேட்டார். "சரி அண்ணாச்சி, தேங்காய விடுங்க. மண் குதிராவது சரிதானே? மண்ணுல குதிர செஞ்சு அதுமேல ஏறி ஆத்துல எவன் இறங்குவான்?" என்றார்.

நான் ஐயனார் கோயில் மண் குதிரைகளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெண், "அப்பா, கடன்காரங்க வந்து கேட்டா, 'எங்கப்பன் குதிருக்குள்ள இல்ல'ன்னு ஒரு பையன் சொல்வான்னு ஊர்ல ஆச்சி கத சொன்னாங்கல்ல? நெல்லு கொட்டி வைக்கிற குதிருதானே அது? அப்போ அந்தப் பையனோட அப்பா மணல் திட்டுக்குள்ளயா ஒளிஞ்சிருந்தாரு?" என்று கேட்டாள்.

முதலில் சிரித்தவர் அவர்தான்.